லினக்ஸ் மெமரி மேப்பில் கோப்பு விவரம் காணவில்லையா? படிப்படியாகச் சரிசெய்ய முழு வழிகாட்டி

ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) எந்தெந்தக் கோப்புகளை மெமரியில் ஏற்றி வைத்திருக்கிறது என்று பார்க்க /ப்ராக்/பிஐடி/மேப்ஸ் கோப்பைத் திறக்கிறோம். பிஐடி என்ற இடத்தில் அந்த ப்ராசஸின் எண் வரும். பாதி வரிகளில் கடைசிப் பத்தி காலியாக இருக்கிறது. சில வரிகளில் பாதைக்குப் பின்னால் ‘(டெலீட்டட்)’ என்று ஒட்டியிருக்கிறது. இன்னும் சிலவற்றில் பாதை ஒழுங்காகத் தெரிகிறது, ஆனால் அங்கே போய்ப் பார்த்தால் வேறு கோப்பு இருக்கிறது.

வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ‘கோப்பு விவரம் சரியில்லை’ என்ற ஒரே புகார்தான். காரணங்கள் வேறு, தீர்வுகளும் வேறு. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். எந்த வகை என்று பார்க்காமல் நேராக ப்ராசஸை ரீஸ்டார்ட் செய்துவிடுவார்கள். ரீஸ்டார்ட் ஆனதும் அறிக்கை சுத்தமாகிவிடும். கண்டுபிடிக்க வேண்டிய தடயமும் அதோடு போய்விடும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

கட்டளைகளையும் பாதைகளையும் உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான எழுத்துகளிலேயே தட்டவும்.

1. தொடங்கும் முன் தேவையானவை

ரூட் அனுமதி வேண்டும். உங்கள் பெயரில் ஓடும் ப்ராசஸ் என்றால் மேப்ஸ் கோப்பை நீங்களே படிக்கலாம். மற்றவர் பெயரில் ஓடுவதற்கு ‘பெர்மிஷன் டினைட்’ என்றுதான் வரும். 6-ஆம் படியில் செய்யப்போவதற்கு எப்படியும் ரூட் தேவை.

கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பதிப்பை யூநேம் ஹைஃபன் ஆர் கொடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். 4.5, 5.17 இரண்டும் நமக்கு முக்கியமான எல்லைகள். ஜிலிப்சி (நிரல்கள் பயன்படுத்தும் சி லைப்ரரி) பதிப்பையும் பாருங்கள், அதில் 2.39 முக்கியம்.

கருவிகள்: பிஎம்மேப், எல்எஸ்ஓஎஃப், ரீட்எல்ஃப், ஸ்டாட். ப்ராசஸ் கன்டெய்னருக்குள் (தனிக் கோப்பு முறையோடு பிரித்து வைத்த சூழலுக்குள்) ஓடினால், கன்டெய்னருக்கு வெளியே, ஹோஸ்டில் ஒரு டெர்மினல் அவசியம்.

மேப்ஸ் கோப்பு முழுவதுமே காலியாக வந்தால் தேடலை அங்கேயே நிறுத்திவிடலாம். கெர்னல் த்ரெட்டுகளுக்கும் (கெர்னலுக்குள்ளேயே ஓடும் வேலைகள்) ஜாம்பி ப்ராசஸுகளுக்கும் (முடிந்துவிட்டும் பட்டியலில் மிஞ்சியிருப்பவை) பயனர் மெமரியே கிடையாது. அங்கே எதுவும் தொலைந்துபோகவில்லை.

2. முதலில் நகல் எடுங்கள்

மேப்ஸ், ஸ்மேப்ஸ் (அதே பட்டியல், ஒவ்வொரு பகுதியின் மெமரி பயன்பாட்டோடு) இரண்டையும் கேட் கட்டளையால் வேறொரு கோப்பில் சேமியுங்கள். எல்எஸ் கொடுத்தால் இவற்றின் அளவு 0 என்று காட்டும், அது இயல்புதான். படிக்கும் நேரத்தில்தான் கெர்னல் உள்ளடக்கத்தை உருவாக்குகிறது. அளவைப் பார்த்து நகல் எடுக்கும் கருவிகளை இங்கே நம்ப வேண்டாம்.

மேப்ஸைப் படிப்பது ஒரே மூச்சில் நடப்பதில்லை. கெர்னல் துண்டு துண்டாகத்தான் தருகிறது. இடையில் ப்ராசஸ் ஒரு பகுதியை விடுவித்து இன்னொன்றை வாங்கினால், நகலின் மேல் பாதி ஒரு நிலையையும் கீழ் பாதி வேறொரு நிலையையும் காட்டலாம். சேவைக்குப் பாதிப்பு இல்லையென்றால் கில் கட்டளையோடு ஸ்டாப் சிக்னல் அனுப்பி நிறுத்தி, நகல் எடுத்து, கன்ட் சிக்னலால் மறுபடி ஓடவிடுங்கள். நிறுத்த முடியாத சேவை என்றால் இரண்டு மூன்று நகல்கள் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

3. பெயரைப் பார்க்கும் முன் ஐநோடு எண்ணைப் பாருங்கள்

ஒவ்வொரு வரியிலும் ஆறு பத்திகள் இருக்கும்: முகவரி எல்லை, அனுமதி, ஆஃப்செட் (கோப்பில் எந்த இடத்திலிருந்து என்பது), சாதன எண், ஐநோடு எண் (கோப்பு முறை ஒவ்வொரு கோப்புக்கும் தரும் அடையாள எண்), பாதை. எல்லோருடைய கண்ணும் ஆறாவது பத்திக்குத்தான் போகும். ஐந்தாவதில் தொடங்குங்கள் என்பதுதான் இந்த வழிகாட்டியிலேயே நான் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயம்.

ஐநோடு 0, சாதன எண் 00:00 என்றால் அந்தப் பகுதிக்குப் பின்னால் கோப்பே இல்லை. பெயர் தொலையவில்லை, முதலிலிருந்தே இருந்ததில்லை. இதற்கு 5-ஆம் படி.

ஐநோடு எண் இருந்து, பாதையில் ‘(டெலீட்டட்)’ ஒட்டியிருந்தால் 6-ஆம் படி.

ஐநோடு எண்ணும் இருக்கிறது, பாதையும் இருக்கிறது, ஆனால் அந்தப் பாதையில் உள்ள கோப்பு பொருந்தவில்லை என்றால் 7-ஆம் படி.

‘நிரல் அந்தக் கோப்பைத் திறந்திருக்கிறது, ஆனால் மேப்ஸில் எங்குமே காணோம்’ என்ற கேள்வியும் அடிக்கடி வரும். கோப்பை ரீட் வழியாகப் படித்தால் உள்ளடக்கம் பெரும்பாலும் ஹீப்பில், அதாவது நிரல் தன் தேவைக்கு வாங்கிய மெமரியில், போய் உட்காரும். மேப்ஸில் அதன் பெயர் வரவே வராது. அதை /ப்ராக்/பிஐடி/எஃப்டி அடைவில் (திறந்திருக்கும் கோப்புகளின் பட்டியல்) தேடுங்கள். இதன் மறுபக்கமும் உண்டு. எம்மேப் செய்த (கோப்பை நேரடியாக மெமரியில் இணைத்த) பிறகு நிரல் கோப்பை மூடிவிட்டால் எஃப்டியில் இருக்காது, மேப்ஸில் மட்டும் இருக்கும். ஒன்றில் இல்லை என்பதற்காக மற்றொன்றைச் சந்தேகிக்க வேண்டாம்.

4. கருவி மறைக்கிறதா என்று பாருங்கள்

கெர்னலைக் குறை சொல்லும் முன், இடையில் இருக்கும் கருவியைச் சோதியுங்கள். இதற்கு அதிக நேரம் ஆகாது.

பிஎம்மேப் இயல்பாகக் கோப்பின் கடைசிப் பெயரை மட்டும்தான் காட்டும். அடைவுப் பாதையை வெட்டிவிடும். ஒரே பெயருள்ள லைப்ரரி இரண்டு அடைவுகளில் இருந்து ஏறியிருந்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஹைஃபன் பி சேர்த்தால் முழுப் பாதை வரும். பெரிய எக்ஸ் விருப்பத்தையும் சேர்த்தால் சாதன எண், ஐநோடு பத்திகளும் வரும்.

சொந்தமாக ஸ்க்ரிப்ட் எழுதியவர்கள் விழும் இடம் ஒன்று இருக்கிறது. ஆக் கட்டளையில் ஆறாவது பத்தியை மட்டும் அச்சிடச் சொல்லியிருப்பார்கள். ‘(டெலீட்டட்)’ இடைவெளிக்குப் பிறகு வருவதால் அது ஏழாவது பத்தியாகிவிடும். அறிக்கையில் பாதை மட்டும் வரும். நீக்கப்பட்ட கோப்பு என்ற தகவல் சத்தமில்லாமல் விழுந்துவிடும். பெயரில் இடைவெளி உள்ள கோப்புகளும் இப்படித்தான் பாதியில் அறுபடும். முதல் ஐந்து பத்திகளைப் பிரித்துக்கொண்டு, வரியில் மிச்சம் உள்ள அனைத்தையும் பெயராக எடுத்துக்கொள்வதே சரியான முறை.

5. ஐநோடு 0: பெயரற்ற பகுதி யாருடையது?

அறிக்கையில் அதிகம் இருப்பது இந்த வகைதான். பெயர் இல்லாவிட்டாலும் அளவையும் அனுமதியையும் பக்கத்து வரிகளையும் வைத்து உரிமையாளரைக் கண்டுபிடித்துவிடலாம். சில வடிவங்கள் கண்ணில் பதிந்துவிட்டால் மேப்ஸை வேகமாகப் படிக்க வரும்.

*லைப்ரரியின் வால்.* ஒரு லைப்ரரியின் எழுதக்கூடிய வரி முடியும் அதே முகவரியில் இடைவெளி இல்லாமல் ஒரு பெயரற்ற பகுதி தொடங்கினால், அது பெரும்பாலும் அந்த லைப்ரரியின் பிஎஸ்எஸ். தொடக்க மதிப்பு இல்லாத மாறிகளுக்கான இடம் அது. கோப்பில் அதற்கு உள்ளடக்கம் இல்லாததால் கெர்னல் வெறும் மெமரியை ஒதுக்குகிறது. முகவரி தொடர்ச்சியாக இருக்கிறதா என்று எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். ‘பக்கத்தில் இருக்கிறது’ என்று மேலோட்டமாக முடிவெடுக்க வேண்டாம்.

*த்ரெட் ஸ்டாக்.* எந்த அனுமதியும் இல்லாத 4 கேபி வரி, அதை ஒட்டி மேலே 8192 கேபி எழுதக்கூடிய வரி. இந்த ஜோடியைப் பார்த்தால் அது அநேகமாக ஒரு த்ரெட்டின் (நிரலுக்குள் இணையாக ஓடும் ஒரு வேலையின்) ஸ்டாக், அதாவது அதன் தற்காலிக மெமரி. சின்ன வரி காவல் பக்கம். ஸ்டாக் நிரம்பி வழிந்தால் அதில் மோதி ப்ராசஸ் நிற்கும். 8 எம்பி என்பது யூலிமிட் ஹைஃபன் எஸ் காட்டும் வழக்கமான இயல்பு மதிப்பு. உங்கள் கணினியில் அது மாறியிருந்தால் இங்கேயும் மாறும்.

பழைய கட்டுரைகளில் ஸ்டாக் என்ற சொல்லோடு த்ரெட் எண்ணும் சேர்ந்து வரும் என்று படித்திருப்பீர்கள். அது 3.4 முதல் 4.4 வரையிலான கெர்னல்களில் இருந்தது, 4.5-இல் எடுத்துவிட்டார்கள். புதிய கெர்னலில் அது வரவில்லையே என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். முதன்மை த்ரெட்டின் ஸ்டாக்குக்கு மட்டும் இப்போதும் பெயர் வரும்.

*மாலாக் அரீனா.* மாலாக் என்பது நிரல்கள் மெமரி வாங்கும் அழைப்பு, அரீனா என்பது அதற்காக ஜிலிப்சி வைத்திருக்கும் மெமரித் தொகுதி. 132 கேபி எழுதக்கூடிய வரி, அதற்கு அடுத்து அனுமதியே இல்லாத 65404 கேபி வரி. இரண்டையும் கூட்டினால் 65536, அதாவது சரியாக 64 எம்பி. 64 பிட் கணினியில் ஜிலிப்சி ஒவ்வொரு அரீனா ஹீப்புக்கும் இப்படி 64 எம்பி முகவரி இடத்தைப் பிடித்து வைக்கிறது. பயன்பாடு கூடக்கூட முதல் எண் வளரும், இரண்டாவது எண் குறையும், கூட்டுத்தொகை மாறாது. பல த்ரெட் உள்ள நிரலில் இந்த ஜோடி வரிசையாக வரும். ‘பெயரில்லாமல் பல நூறு எம்பி போகிறது, மெமரி லீக்’ என்று முடிவுகட்டும் முன் ஸ்மேப்ஸில் ஆர்எஸ்எஸ் (உண்மையில் ராமில் இருக்கும் அளவு) வரியைப் பாருங்கள். அனுமதி இல்லாத பகுதி முகவரி இடத்தை மட்டும்தான் பிடிக்கிறது, ராமை அல்ல.

*இயக்க அனுமதியுள்ள பெயரற்ற பகுதி.* எக்ஸ் அனுமதி இருந்து பெயர் இல்லையென்றால் பெரும்பாலும் ஜிட் கம்பைலர் (ஓடும்போதே நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி) உருவாக்கிய நிரல்துண்டு. தன் நிரல்பகுதியைப் பெரிய பக்கங்களுக்கு நகலெடுத்துக்கொள்ளும் நிரல்களிலும் இப்படி வரும். அங்கே முன்பு கோப்புப் பெயர் இருந்தது, நகலெடுத்ததில் போய்விட்டது. இரண்டும் இல்லையென்றால் அந்தப் பகுதி யாருடையது என்று கட்டாயம் விசாரியுங்கள். தெரியாத நிரல்துண்டு ஒரு ப்ராசஸுக்குள் ஓடுவது பாதுகாப்புப் பிரச்சினையாகவும் இருக்கலாம்.

6. ‘(டெலீட்டட்)’ என்று வந்தால்

முதலில், பயப்பட வேண்டாதவற்றை ஒதுக்கிவிடுங்கள். /டெவ்/ஜீரோ (டெலீட்டட்) என்பது பகிர்ந்துகொள்ளும் பெயரற்ற மெமரி. /மெம்எஃப்டி என்று தொடங்குவது மெம்எஃப்டி கிரியேட் அழைப்பால் உருவானது. /சிஸ்வி என்று தொடங்குவது சிஸ்டம் ஃபைவ் பகிர்வு மெமரி; அதன் ஐநோடு பத்தியில் இருப்பதே பகிர்வு மெமரியின் அடையாள எண் என்பதால், ஐபிசிஎஸ் ஹைஃபன் எம் பட்டியலோடு நேரடியாக ஒப்பிடலாம். இவை யாரும் அழித்த கோப்புகள் அல்ல. அடைவில் பெயர் இல்லாமலேயே பிறந்தவை என்பதால் கெர்னல் அப்படிக் காட்டுகிறது.

மிச்சம் இருப்பவை பெரும்பாலும் லைப்ரரிகள். பேக்கேஜ் மேம்படுத்தும்போது புதிய கோப்பை வேறு பெயரில் எழுதி, பழைய பெயருக்கு மாற்றிவிடுவார்கள். அந்தப் பெயர் இப்போது புதிய ஐநோடைச் சுட்டும். ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ் பழைய ஐநோடையே பிடித்துக்கொண்டிருக்கும். பாதையில் கோப்பு இருக்கிறது, மேப்ஸோ நீக்கப்பட்டது என்கிறது, இரண்டும் உண்மைதான்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, புதிய கோப்பைக் கொண்டு பழைய முகவரிகளுக்கு ஃபங்ஷன் பெயர் தேடுவது. பெயர் கிடைக்கும், ஆனால் தவறான பெயர். எதுவும் கிடைக்காமல் இருப்பதைவிட அது மோசம். இல்லாத பிழையைத் துரத்த வைக்கும்.

பழைய கோப்பை மீட்க வழி இருக்கிறது. /ப்ராக்/பிஐடி/மேப்_ஃபைல்ஸ் அடைவில், கோப்பு பின்னணியில் உள்ள ஒவ்வொரு பகுதிக்கும் முகவரி எல்லையையே பெயராகக் கொண்ட ஒரு இணைப்பு இருக்கும். ரூட்டாக இருந்து, அந்த லைப்ரரியின் ஏதாவது ஒரு வரியின் எல்லையை எடுத்து, சிபி கட்டளையால் வேறு இடத்துக்கு நகலெடுங்கள். அந்தத் துண்டு மட்டுமல்ல, பழைய கோப்பு முழுவதுமே வந்துவிடும். 4.3-க்குப் பிந்தைய கெர்னல்களில் இந்த அடைவு எப்போதும் இருக்கும்.

மூன்று இடங்களில் கவனம் வேண்டும். சிபியோடு ஹைஃபன் ஏ சேர்க்காதீர்கள். சேர்த்தால் கோப்பு வராது, உடைந்த இணைப்புதான் வரும். அடுத்து, மேப்ஸில் முகவரி குறைந்தது எட்டு இலக்கமாக, முன்னால் பூஜ்யம் நிரப்பி வரும். மேப்_ஃபைல்ஸில் அந்தப் பூஜ்யங்கள் இல்லை. மேப்ஸில் 00400000 என்று தொடங்கினால் இங்கே 400000 என்று தேட வேண்டும். மூன்றாவது, தனி யூசர் நேம்ஸ்பேஸ் (பயனர் அனுமதிகளின் தனி வட்டம்) உள்ள கன்டெய்னருக்குள் நீங்கள் ரூட்டாக இருப்பது போதாது. ஹோஸ்டில் ரூட்டாக இருந்து செய்யுங்கள்.

நகலெடுத்ததும் ரீட்எல்ஃப் ஹைஃபன் என் கொடுத்துப் பில்ட் ஐடியை (கோப்பு கட்டப்படும்போது அதில் பதியும் அடையாளம்) பாருங்கள். இப்போது பாதையில் இருக்கும் கோப்பின் பில்ட் ஐடி வேறாக இருந்தால், உங்களிடம் இருப்பதுதான் சரியான பழைய கோப்பு. அதற்குரிய டீபக் சிம்பல்களை (முகவரியை ஃபங்ஷன் பெயரோடு இணைக்கும் தகவல்) இந்த ஐடியை வைத்தே தேடலாம்.

இதெல்லாம் முடிந்த பிறகு ரீஸ்டார்ட் செய்யுங்கள். பாதுகாப்புத் திருத்தத்துக்காக லைப்ரரியை மேம்படுத்தியிருந்தால் ரீஸ்டார்ட் கட்டாயம். அதுவரை ஓட்டை உள்ள பழைய நிரலே ஓடிக்கொண்டிருக்கும். இப்படி மாட்டியிருக்கும் மற்ற ப்ராசஸ்களை எல்எஸ்ஓஎஃப் வெளியீட்டில் எஃப்டி பத்தியில் ‘டிஇஎல்’ என்று வரும் வரிகளை வைத்துப் பிடிக்கலாம்.

7. பாதை சரி, கோப்பு தவறு

கன்டெய்னரில் ஓடும் ப்ராசஸின் மேப்ஸை ஹோஸ்டிலிருந்து படித்தால், கன்டெய்னருக்குள் இருக்கும் பாதைதான் தெரியும். ஹோஸ்டிலும் அதே பாதையில் ஒரு சி லைப்ரரி இருக்கும், பதிப்பு வேறாக இருக்கும். எந்த எச்சரிக்கையும் வராது என்பதால் இதில் ஏமாறுவது எளிது.

தீர்வு: பாதைக்கு முன்னால் /ப்ராக்/பிஐடி/ரூட் சேருங்கள். அது அந்த ப்ராசஸ் பார்க்கும் கோப்பு முறைக்கே உங்களைக் கொண்டுபோகும். கன்டெய்னருக்குள் நுழையவோ எதையும் நிறுவவோ வேண்டியதில்லை.

அப்புறம் ஸ்டாட் கொடுத்து ஐநோடு எண்ணை மேப்ஸோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால் வேலை முடிந்தது. பொருந்தாவிட்டாலும் உடனே தவறு என்று சொல்லிவிட முடியாது. பல அடுக்குகளை ஒன்றாகக் காட்டும் ஓவர்லே கோப்பு முறையில், கெர்னல் பதிப்பைப் பொறுத்து, அடித்தளக் கோப்பின் எண்கள் மேப்ஸில் வரலாம். பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறையில் சாதன எண் ஸ்டாட் காட்டுவதிலிருந்து வேறுபடும். இந்த இரண்டிலும் எண்ணைவிடப் பில்ட் ஐடி ஒப்பீட்டை நம்புங்கள்.

8. பெயரற்ற பகுதிக்குப் பெயர் வையுங்கள்

5-ஆம் படியில் வடிவத்தைப் பார்த்து ஊகித்தோம். நிரல் உங்களுடையது என்றால் ஊகிக்கவே வேண்டியதில்லை.

ஜிலிப்சி 2.39 அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால், ஜிலிப்சி ட்யூனபிள்ஸ் என்ற சூழல் மாறியில் மெம் டெகரேட் மேப்ஸ் அமைப்பை 1 ஆக்கி நிரலைத் தொடங்குங்கள். த்ரெட் ஸ்டாக்குகளும் மாலாக் பகுதிகளும் பெயரோடு வரும். நிரலில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டாம் என்பதால் முதலில் இதைத்தான் முயல வேண்டும்.

நீங்களே எம்மேப் செய்யும் பகுதிகளுக்குப் பிஆர்சிடிஎல் அழைப்பில் விஎம்ஏ அனான் நேம் வசதியைப் பயன்படுத்துங்கள். மேப்ஸில் அனான் என்ற சொல்லோடு நீங்கள் கொடுத்த பெயரும் வரும். இரண்டு வழிகளுக்குமே கெர்னல் 5.17 அல்லது மேல் வேண்டும். கெர்னல் கட்டப்பட்டபோது அனான் விஎம்ஏ நேம் தேர்வும் இயக்கப்பட்டிருக்க வேண்டும். பூட் அடைவில் உள்ள கான்ஃபிக் கோப்பில் கிரெப் செய்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முகவரி பக்க எல்லையில் தொடங்க வேண்டும். மாலாக் தந்த முகவரியை அப்படியே கொடுத்தால் பெரும்பாலும் பிழைதான் வரும். பெயர் முடிவுக் குறியோடு சேர்த்து 80 பைட்டுக்குள் இருக்க வேண்டும். சதுர அடைப்புக்குறி, டாலர் குறி, பின்சாய்வுக்கோடு போன்றவை கூடாது. அழைப்பின் விடையைச் சோதிக்காமல் விட்டால், பெயர் ஏன் வரவில்லை என்று பிறகு தெரியவே தெரியாது.

ஆசைப்பட்டு ஒவ்வொரு சின்னத் துண்டுக்கும் தனிப் பெயர் வைக்காதீர்கள். அடுத்தடுத்த பகுதிகளைக் கெர்னல் ஒன்றாக இணைத்துவிடும். பெயர் வேறானால் இணைக்காது. ஒரு ப்ராசஸுக்கு இயல்பாக 65530 பகுதிகள்தான் எல்லை. அதைத் தொட்டால் எம்மேப் அழைப்புகள் தோற்கத் தொடங்கும். எந்த துணைப்பகுதிக்கான மெமரி என்று தெரியும் அளவுக்குப் பெயர் இருந்தால் போதும்.

ஜிட் பகுதிகளுக்கு வழி வேறு. பெர்ஃப் என்ற செயல்திறன் அளக்கும் கருவி, /டெம்ப் அடைவில் பெர்ஃப், ஹைஃபன், பிஐடி, புள்ளி, மேப் என்ற அமைப்பில் பெயருள்ள கோப்பைத் தேடும். அதில் வரிக்கு ஒன்றாகத் தொடக்க முகவரி, அளவு, ஃபங்ஷன் பெயர் இருக்கும். பைத்தான் 3.12-இல் ஹைஃபன் பெரிய எக்ஸ் பெர்ஃப் விருப்பமும், ஜாவா 17 முதல் ஜேசிஎம்டியின் பெர்ஃப்மேப் கட்டளையும் இந்தக் கோப்பை எழுதித் தரும். பெர்ஃப்பை ஓட்டுபவரோ ரூட்டோ அந்தக் கோப்பின் உரிமையாளராக இல்லையென்றால் பெர்ஃப் அதை ஒதுக்கிவிடும். பெயர்கள் இன்னும் வரவில்லை என்றால் முதலில் உரிமையாளரைப் பாருங்கள்.

9. ப்ராசஸ் ஏற்கெனவே செத்துவிட்டது என்றால்

கோர் கோப்பு (ப்ராசஸ் விழும்போது எழுதப்படும் மெமரி நகல்) இருந்தால் இன்னும் வழி உண்டு. கெர்னல் 3.7 முதல், மேப் ஆகியிருந்த கோப்புகளின் பட்டியல் கோரிலேயே ஒரு குறிப்பாகப் பதிவாகிறது. ரீட்எல்ஃப் ஹைஃபன் என் கொடுத்தால் முகவரியும் பாதையும் வரும்.

கோப்பு பின்னணியில் உள்ள பக்கங்களின் உள்ளடக்கம் மட்டும் இயல்பாகக் கோரில் இருக்காது. /ப்ராக்/பிஐடி/கோர்டம்ப்_ஃபில்டர் மதிப்பு வழக்கமாகப் பதினறும எண்ணில் 33. அதன்படி பெயரற்ற பகுதிகளும், லைப்ரரிகளின் தலைப்புப் பக்கமும் சேரும், லைப்ரரியின் உடல் சேராது. தலைப்புப் பக்கத்தில் பில்ட் ஐடி இருப்பதால், ஈயு-அன்ஸ்ட்ரிப் கருவியால் அந்த ஐடிகளை எடுத்து, சரியான பதிப்பின் லைப்ரரியைத் தேடிப் பிடிக்கலாம்.

அடிக்கடி விழும் சேவை என்றால், அடுத்த முறை தொடங்கும்போதே ஃபில்டரில் கோப்புப் பகுதிகளுக்கான பிட்டுகளையும் இயக்கிவிடுங்கள். பதினறும எண்ணில் 33-க்குப் பதில் 37 கொடுத்தால் கோப்பு பின்னணியில் உள்ள தனிப் பகுதிகள் சேரும். பகிரப்பட்டவையும் வேண்டுமென்றால் அடுத்த பிட்டையும் சேர்க்க வேண்டும். கோரின் அளவு கூடும் என்பதால், அது எழுதப்படும் வட்டில் இடம் இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். இந்த மதிப்பு சேய் ப்ராசஸுக்கும் தானாகப் போகும். ஆகவே சேவையைத் தொடங்கும் ஷெல்லில் ஒரு தடவை மாற்றினால் போதும்.